விளங்காது என்று நான் சொன்ன பலகைகள்

1

களனிப் பாலத்தில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் தலையில் இன்னும் சைட் தொப்பி இருப்பது தெரிந்தது. மஞ்சள் தொப்பி. கழற்றி வைத்துவிட்டு வரக்கூட மறந்திருக்கிறேன். திரும்பிப் போய்க் கொடுக்கலாம் என்றால் அங்கே ஃபோர்மன் சுனில் பாஸ் நிற்பார். அவர் முகத்தில் அன்றைக்கு இரண்டாவது தடவை விழிக்க எனக்கு விருப்பமில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

வத்தளையில் ஏறிய பஸ் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கொண்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. கண்டக்டர் இறங்கி பீடி பற்றவைத்தார். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை என்று இறங்கிவிட்டேன். பாலத்தைத் தாண்டினால் கொழும்பு, கிராண்ட்பாஸ். அங்கே ஒரு ஆட்டோ பிடித்தால் பம்பலப்பிட்டி.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாமினி மிஸ் போன் செய்திருந்தார். அவர் ஒரு போன் செய்வதற்கு முன் நாலு தடவை யோசிக்கிற ஆள். அன்று யோசிக்கவில்லை.

"பாஸ், பலகையெல்லாம் வெள்ளையாப் போட்டுது. ஒம்பதும். நாளைக்குப் பின்னேரம் திறக்கவேணும். உங்களுக்கு வரேலுமோ?"

"என்ன வெள்ளை, மிஸ்?"

"தெரியேல்லை. பூஞ்சணம் போலக் கிடக்கு. நான் ஒண்டைத் துடைச்சுப் பாத்தன். துடைச்சது இன்னும் மோசமாப் போட்டுது."

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு சுனில் பாஸிடம் போய் அரை நாள் லீவு கேட்டேன். மூன்றாம் மாடிச் சுவர் பாதியில் நின்றது. அவர் சத்தம் போடவில்லை. அமைதியாகச் சொன்னார்: "ஹெட்ட ஹத்தட்ட ஆவே நெத்நம், ஆயே என்ன எப்பா." நாளைக் காலை ஏழு மணிக்கு வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று அர்த்தம். நியாயமான பேச்சுதான். நான் ஃபோர்மனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த ‘பாஸ்’ என்ற சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் கொழும்பில் தங்கி வேலைக்கு இறங்கிய முதல் வாரம், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்காரர் என்னைப் பார்த்து "பாஸ், இஞ்ச கொஞ்சம் வாங்க" என்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன். வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் ஒரு உடைந்த படியைக் காட்டி, பூச எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இங்கே பாஸ் என்றால் முதலாளி இல்லை. கொத்தனார், தச்சன், கையால் வேலை செய்கிறவன். சிங்களச் சொல். தமிழர்களும் அதையே சொல்கிறார்கள். அன்றைக்குச் சுருங்கிப்போன மனசு சரியாக ஒரு மாதம் ஆனது.

எட்டாம் வகுப்போடு தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். கொஞ்ச நாள் அப்பாவோடு உப்பளம். பிறகு திருப்பூர், கொச்சி, மஸ்கட். பூச்சு வேலை கொச்சியில் கற்றது. அதன் பிறகு ‘குருவி’யாக, அதாவது திருச்சியில் துணி எடுத்து பையில் அடைத்துக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறுகிற ஆளாக, இரண்டு வருஷம் அலைந்தேன். அப்படி வந்த ஒரு தடவை கொட்டாஞ்சேனையில் தங்கிய இடத்துப் பக்கத்து வீட்டில் ஜெசிந்தா இருந்தாள். திருச்சிக்குத் திரும்புகிற டிக்கெட் அந்தத் தடவை வீணாகப் போனது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

வருஷா வருஷம் விசா புதுப்பிக்க அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இவர் என் புருஷன்தான், இன்னும் என்னோடுதான் இருக்கிறார் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். ஒரு வருஷம் வெளியே படிவம் நிரப்பிக் கொடுக்கிறவரிடம் தொழில் ‘பாஸ்’ என்று சொன்னேன். அவர் என் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தாரோ என்னவோ, இங்கிலீஷில் முதலாளி என்று அடித்துவிட்டார். உள்ளே இருந்த அதிகாரி என் கையைப் பார்த்தார், நகக்கண்ணில் சிமெண்ட்டைப் பார்த்தார், படிவத்தைப் பக்கத்து மேசைக்குக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். பேனாவால் வெட்டித் திருத்திவிட்டு முத்திரை குத்தினார். நல்ல மனிதர்.

சொற்கள் இப்படித்தான் என்னை இங்கே அடிக்கடி தடுக்கிவிடும். வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாண வீட்டில் குளியலறைச் சுவர் பூசும்போது அந்த அம்மா வாசலில் நின்று "காணும், காணும்" என்றார். ஏதோ காணவில்லை என்கிறார், சாந்து போதவில்லை என்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு சட்டி அப்பினேன். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும். அந்தச் சுவர் இன்றைக்கும் ஒரு பக்கம் தடித்துத்தான் இருக்கிறது.

என் மகள் ரோஷ்னிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் சிங்களம், வீட்டில் அம்மாவின் கொழும்புத் தமிழ். என் பேச்சு அவளுக்கு டீவி நாடகத்தில் வருகிற பேச்சு. "டடா கதைச்சா சீரியல் பாக்குற மாதிரி இருக்கு" என்று சிநேகிதிகளிடம் சொல்கிறாள். தூத்துக்குடி அவளுக்கு ஒரு சீரியலின் பெயராகக்கூட இருக்கலாம்.

ஆனால் அன்றைக்கு நான் வேகமாக நடந்ததற்குக் காரணமான சொல் இவற்றில் எதுவும் இல்லை.

3

யாமினி மிஸ் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் கடல் பக்கத்துச் சந்து ஒன்றில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகள் மெல்பேர்னில். அடுத்த மாதம் அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு இவரும் அங்கே போகிறார். போவதற்கு முன் ஒரேயொரு தடவை, தன் பெயரில் தனியாக, பம்பலப்பிட்டியில் ஆறு நாள் கண்காட்சி. முப்பது வருஷமாக வங்கி முடிந்து வந்து செய்த வேலை. இதுவரை வீட்டுக்கு வெளியே எங்கும் வைத்துக் காட்டியதில்லை.

‘வேலை’ என்றுதான் சொல்வார். நான் படம் என்றால் திருத்துவார். "படம் இல்லை பாஸ். படத்தில ஏதாவது இருக்கவேணும். இதில ஒண்டும் இல்லை. இது வேலை."

முதல் நாள் நான் போனது அவர் வீட்டு ஓதம் ஏறிய சுவரைப் பார்க்க. ஹாலுக்குள் நுழைந்ததும் சுவரை மறந்துவிட்டேன். சாய்த்து வைத்திருந்த மூன்று பழைய பலகைகள். ஒவ்வொன்றும் ஆள் உயரம். பலகையின் மேல் கோழி வலை அடித்து, அதன் மேல் சாந்து. தரைக்குப் போடுகிற கறுப்புத் தூள் கலந்த சாந்து. பூவில்லை, மரமில்லை, முகமில்லை. கறுப்புக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு. சீப்பால் இழுத்த கோடுகள், கரண்டியின் முதுகால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடங்கள், சணல் சாக்கை ஒத்தி எடுத்த தடம், ஒரு மூலையில் விரல்கள்.

பூச்சுக்காரனுக்கு மட்டும் தெரிகிற ஒன்று உண்டு. சாந்து ஒரு கடிகாரம். போட்டவுடன் தொட்டால் ஒரு தடம், கால் மணி நேரம் கழித்துத் தொட்டால் வேறு தடம், இறுகப் போகும்போது தொட்டால் அது எதிர்க்கும். அந்தப் பலகையில் இந்த அம்மா எந்த இடத்தில் அவசரப்பட்டார், எந்த இடத்தில் காத்திருந்தார், எங்கே காத்திருந்து காத்திருந்து தவறவிட்டார் என்று என்னால் வாசிக்க முடிந்தது. எழுத்து வாசிக்க எனக்கு இவ்வளவு சுலபமாக ஒருநாளும் வந்ததில்லை. வைத்த கண் வாங்காமல் நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்ததால் அளவு நாடாவை எடுத்துச் சுவரை அளந்தேன்.

"என்ன பாக்கிறீங்கள்?" என்றார்.

"இந்த எடத்துல ரெண்டு மணி நேரம் காத்திருந்திருக்கீங்க, மிஸ்."

அவர் பலகைக்குப் பக்கத்தில் வந்து நான் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். "ரெண்டரை" என்றார்.

சுவர் வேலை முடிந்ததும் கண்காட்சிக்கான புதிய பலகைகளுக்கு அடிச்சாந்து போட என்னையே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். மொத்தம் ஒன்பது. நான் அடிப்பூச்சுப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். அவர் மேலே வேலை செய்வார். நான் சுவரோரமாக நின்று பார்ப்பேன். அறுபது வயசில், சீப்பும் கரண்டியும் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையில் ஆறடி இழுப்பார். நான் அந்த நேரம் எச்சில்கூட விழுங்க மாட்டேன்.

மணல் விஷயத்தில்தான் வினை வந்தது. ஆற்று மணல் அவருக்குப் பிடிக்கவில்லை. கடற்கரையில் இருந்து வேண்டும் என்றார். சிப்பித் தூள் கலந்த மணல், அது வெளிச்சத்தில் மினுங்கும். ரயில் பாதையைத் தாண்டி இரண்டு சாக்கு அள்ளி வந்தோம்.

"கழுவணும் மிஸ்" என்றேன்.

"வேண்டாம் பாஸ். கழுவினா அந்தத் தூளெல்லாம் போயிடும்."

உப்பு மண்ணில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும். கழுவாத கடல் மணலில் பூசிய சாந்து நிற்காது. எங்கள் பக்கம் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பன்னிரண்டு வருஷமாக நானும் விளங்குது, வெளங்கல்ல என்று இந்த ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறேன். ஆனால் ஒரு வேலை கெடப்போகிறது என்று தெரிந்தால் என் வாயில் தூத்துக்குடிதான் வரும்.

"மிஸ், இது விளங்காது" என்றேன்.

அவர் சிரித்தார். கோபமில்லாத, பழகிப்போன ஒரு சிரிப்பு.

"விளங்கத் தேவையில்லை பாஸ். பாத்தாக் காணும்."

அதோடு சீப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உருப்படாது என்று ஒருத்தன் சொல்கிறான், உருப்படத் தேவையில்லை, பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்கிறார். படித்தவர்கள் என்னிடம் இப்படிப் பேசுவது புதிதில்லை. என் வேலை சாந்து போடுவது. போட்டேன். ஒன்பது பலகைக்கும் அந்த மணலில்தான் போட்டேன்.

4

பம்பலப்பிட்டி ஹால் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது ஏசி காற்று முகத்தில் அடித்தது. யாமினி மிஸ் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மடியில் ஈரத்துணி.

மூன்று நாளைக்கு முன் இந்தப் பலகைகளை நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றியபோது கன்னங்கரேல் என்று இருந்தன. இப்போது சுவரில் தொங்கியவை வேறு.

முழுக்க வெள்ளை இல்லை. அதைத்தான் போனில் அவரால் சொல்ல முடியவில்லை. சீப்பு இழுத்த கோட்டின் முகடு ஒவ்வொன்றிலும் வெள்ளை ஏறியிருந்தது. பள்ளத்தில் இல்லை. சாக்குத் தடத்தில் சின்னச் சின்னச் சதுரமாக, ஆயிரக்கணக்கில். கரண்டியால் தேய்த்த இடத்தில் ஒன்றுமே இல்லை, கறுப்புக் குளம் மாதிரி அப்படியே கிடந்தது. விரல் வைத்த இடத்தில் ஐந்து வெள்ளை வளையம். அவர் கை போன வழி, நின்ற இடம், தயங்கிய இடம், நான் சுவரோரம் நின்று மூச்சுப் பிடித்துப் பார்த்த ஒவ்வொரு இழுப்பும் அங்கே இருந்தது. கறுப்பில் அது எனக்கு மட்டும் தெரிந்தது. இப்போது யார் வந்தாலும் தெரியும்.

கிட்டப் போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஐயோ பாஸ், நஞ்சா இருந்தாலும்."

"உப்பு, மிஸ்."

அவரும் எழுந்து வந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு பலகைக்கு முன்னால் வாயைச் சப்பிக்கொண்டு நின்றோம்.

"மணலில இருந்தோ?"

"ஆமா. உங்க வீட்டுல எப்பவும் கடல் காத்து, ஈரம். அந்த ஈரத்துல உப்பு கரைஞ்சு சாந்துக்குள்ளயே ஒளிஞ்சு கிடந்திருக்கு. ஏசி காத்து காஞ்ச காத்து. ஈரம் வெளிய வரும்போது உப்பையும் கூட்டிட்டு வருது. நீங்க ஈரத்துணியால துடைச்சா திரும்ப உள்ள போகும். காயும்போது ரெண்டு மடங்கா வரும். வரும்போது சாந்தை உடைச்சிட்டு வரும்."

துடைத்த பலகை எது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வலது ஓரத்தில் அது பொருக்கு வெடித்து நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நகம் அளவு துண்டு தரையில் விழுந்தது. காலியான ஹாலில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னேன்லா மிஸ். விளங்காதுன்னு சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். "அது உங்களுக்கு விளங்கேல்லை எண்டெல்லோ நான் நினைச்சன்."

"எனக்கா?"

"என்ர வேலையைப் பாக்கிற எல்லாரும் முதல் சொல்லுற சொல்லு அதுதானே, பாஸ். என்ர மகள் சொல்லுவா, அம்மா இது எனக்கு விளங்காது. வங்கியில இருந்தவை சொல்லுவினம். கீழ்வீட்டு டொக்டரும் சொன்னவர். நீங்கள்தான் சொல்லாம இருந்தீங்கள். அண்டைக்கு நீங்களும் சொன்ன உடன, சரி, இவரும்தான் எண்டு நினைச்சன்."

"எங்க ஊர்ல விளங்காதுன்னா உருப்படாதுன்னு அர்த்தம் மிஸ். இது தேறாது, கெட்டுப்போகும்னு."

"உருப்படாது" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப சரியாச் சொன்ன ஒரேயொராள் நீங்கள்தான்."

நான் சிரித்திருப்பேன். அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"நான்தான் பிழையா விளங்கினன். நீங்கள் அப்பிடி இல்லையே. நான் சொன்ன மறுமொழிக்குப் பிறகும் ஏன் பேசாம சாந்து போட்டனீங்கள்? ஒம்பது கிழமை வந்தனீங்கள். ஒருக்கால் உப்பு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

உள்ளதைச் சொன்னேன். "கோபம் மிஸ். நீங்க என்னை மதிக்கலைன்னு நெனச்சேன். கெட்டுப்போனா தெரியட்டும்னு நெனச்சேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்காட்சியைத் தள்ளிப்போட வழியில்லை, அடுத்த வாரம் ஹால் வேறு ஆட்களுக்கு. அதற்கடுத்து விமானம். மெல்பேர்னுக்கு இந்தப் பாரத்தைக் கொண்டு போகவும் முடியாது. போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா, அது போதும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

காய்ந்த தூரிகையால் வெள்ளையைத் தட்டிவிடலாம், ஒரு நாள் தாங்கும் என்றேன். அல்லது கெட்டதைக் கழற்றிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டலாம் என்றேன். அவர் கையை உயர்த்தினார்.

"நீங்கள் வீட்டுக்குப் போட்டு நாளைக்குக் காலமை வாங்கோ. நான் இதுகளோட கொஞ்ச நேரம் இருக்கவேணும்."

5

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப வத்தள வேல?"

"நாளைக்கு ஏழு மணிக்கு வரணும், இல்லாட்டி வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அந்த மிஸ்ட பலக கெட்டதுக்கு நீங்க ஏன் வேலய விடணும்? மணல் அவங்க சொன்னதுதானே."

"சாந்து நான் வச்சது."

"நீங்க வச்சீங்க. சொல்லியும் பாத்தீங்க."

"ஒரு சொல்லு சொன்னேன். அதுக்கு அப்புறம் வேணும்னே சொல்லலை."

இப்போதுதான் கத்தி நின்றது. என் மனைவி துறைமுகத்தில் வேலை செய்தவரின் மகள். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சட்டென்று பிரித்துவிடுவாள். "வேணும்னேவா?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப போகத்தான் வேணும். ஆனா போய்ச் சும்மா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காதீங்க. ஏதாச்சும் செய்ங்க."

ரோஷ்னி ஹோம்வொர்க்கில் இருந்து தலையைத் தூக்கினாள். "டடா, உப்பு எப்பிடி பலகைல வரும்?"

சொன்னேன். உப்பளத்தில் விடியற்காலையில் பாத்தித் தண்ணீர் மேல் முதலில் ஒரு தோல் மாதிரி படியும். பார்த்தால் தூசு என்று நினைப்போம். காற்று அசைந்தால் கலைந்துவிடும். அசையாமல் இருந்தால் அதுவே பிடித்துக்கொண்டு, கனத்து, கீழே இறங்கும். மேலே இன்னொரு தோல். அந்த நேரத்தில் அப்பா என்னை வரப்பில் நடக்க விடமாட்டார். நடந்தால் தண்ணீர் அசையும். வேலை என்னவோ உயிரை எடுக்கிற வேலை. காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. அதை விட்டு ஓடியதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் மட்டும் எல்லாரும் அசையாமல் நின்று பார்ப்போம். கூலிக்காரர்கள், கங்காணி, எல்லாரும்.

இதை எல்லாம் நான் அவளுக்கு இதற்கு முன் சொன்னதில்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அசைஞ்சா மட்டும்தான் கெடுமா?"

"நனைஞ்சு, காஞ்சு, திரும்ப நனைஞ்சா கெடும். ஒரே மாதிரி இருந்தா கெடாது."

சொன்ன பிறகு நானே அதை இன்னொரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

6

காலை ஏழு மணிக்கு நான் வத்தளையில் இல்லை. ஏழே காலுக்கு சுனில் பாஸ் ஒரு மிஸ்ட் கால் கொடுத்தார். அது அவர் கணக்கில் மரியாதை. எட்டு மணிக்கு பம்பலப்பிட்டியில் இருந்தேன்.

யாமினி மிஸ் எனக்கு முன்பே வந்து பெரிய பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். காவல்காரர் இரவில் ஏசியை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஹால் முழுக்கக் கடல் ஈரம். பலகைகள் வெள்ளை மங்கி, பாதி கறுத்து, அழுது முடித்த முகம் மாதிரி இருந்தன. தரையில் அங்கங்கே பொருக்கு.

"திரும்பப் போகுது, பாருங்கோ" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் அந்த வெள்ளை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஏசியைப் போட்டா வரும் மிஸ்."

"வரட்டும். ஆனா எனக்கொரு கேள்வி இருக்கு. இரவு முழுக்க நித்திரை இல்லை. நான் கறுப்பாச் செய்தனான். இது தானா வந்த வெள்ளை. நான் செய்யாத ஒண்டை என்ர பேரில மாட்டிக் காட்டலாமோ? அது களவு இல்லையோ?"

யாரிடம் கேட்கிறார் பாருங்கள். எட்டாம் வகுப்பு படித்தவனிடம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, சுவரில் இருந்தது. பலகைக்குப் பக்கத்தில் போய்க் காட்டினேன்.

"உப்பு எல்லா எடத்துலயும் வரலை மிஸ். நீங்க சீப்பு இழுத்த எடத்துல வந்திருக்கு. தேச்ச எடத்துல வரலை. இந்தா, இங்க நீங்க கையை எடுத்துட்டுத் திரும்ப வச்சீங்க, அது கூட இருக்கு. நான் போட்ட அடிச்சாந்து எல்லாப் பலகைக்கும் ஒண்ணுதான். ஒன்பதும் ஒரே மாதிரியாவா இருக்கு?"

அவர் எழுந்து ஒன்பது பலகைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பெரிய பலகைக்குத் திரும்பி வந்து, கோட்டுக்கு மேலே, தொடாமல், சீப்பு போன வழியில் கையை ஒரு தடவை கொண்டு போனார். ஆறடி. ஒரே இழுவை.

பிறகு கைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் அச்சடித்தது. பலகை, சாந்து, சணல், மணல் என்று இருந்தது. அதன் கீழே கையால் உப்பு என்று எழுதினார். மூன்று மொழியிலும். ஒன்பது அட்டையிலும். வங்கிக் கையெழுத்து, ஒன்றுகூடக் கோணவில்லை.

"இனி விழுமோ?"

"கொஞ்சம் விழும். ஆனா நேத்து ராத்திரி மாதிரி நனைஞ்சு காஞ்சு நனைஞ்சுன்னு போனா ஆறு நாள்ல எல்லாம் கீழ வந்துரும். காத்து ஒரே மாதிரி இருக்கணும். ஏசியை நிறுத்தவே கூடாது. கதவைத் திறந்து போடக் கூடாது. அந்தக் கதவு தானா மூடுற கதவு இல்லை. ஆள் வரும், பேசிக்கிட்டே பிடிச்சிட்டு நிக்கும். கடல் காத்து அப்படியே உள்ள வரும்."

"ஏசிக்கு நான் ஒஃபீஸில கதைக்கிறன். கதவுக்கு என்ன செய்யிறது?"

"நான் நிக்கிறேன்."

"ஆறு நாளுமோ? உங்கட வேலை?"

"இன்னைக்கு ஏழு மணி வரைக்கும் இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முந்தின நாள் கேள்வி இன்னும் இருந்தது. அதை அவர் அழிக்கவில்லை, நானும் அழிக்கச் சொல்லவில்லை. "கோபம் வந்தா இந்த முறை வாயால சொல்லுங்கோ" என்றார். சரி என்றேன்.

அப்படித்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஒன்பது மணிக்கு ஏசி ஓட ஆரம்பித்தது. பத்து மணி சுமாருக்குக் கோடுகளில் முதல் வெள்ளை தெரிந்தது. பத்தரைக்கு அலங்காரப் பூக்கள் கொண்டு வந்தவர் கதவைத் தோளால் முட்டித் திறந்து அப்படியே நின்றுவிட்டார். பூச்சட்டி கையில், வாய் பாதி திறந்து, கண் பெரிய பலகையில். சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் வீதிச் சத்தமும் கடல் காற்றும் உள்ளே வந்துகொண்டிருந்தன. நான் அவர் முழங்கையைப் பிடித்து இரண்டடி உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினேன்.